படிச்சவ பொடி

“இன்னைக்கு நம்ம சமையலுக்கு, பின்னால கொட்டகையில இருக்கற முயல் ஒண்ணை அறுங்கப்பா.”

சொல்லிவிட்டேன். இந்த வீட்டில் யாரும் கேட்கக் கூடாது என்று எனக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து சொல்லி வளர்த்த ஒன்று அது.

அப்பாவின் விரல் சட்டையின் இரண்டாவது பட்டனில் நின்றது. டீயை வாயருகே கொண்டு போன அண்ணன் அப்படியே சிலையானான். அம்மா மட்டும் அடுப்பிலிருந்து திரும்பவில்லை. பழைய ஃபிரிட்ஜ் மட்டும் எங்கோ உறுமிக்கொண்டிருந்தது.

“என்ன கேட்டே?” என்றார் அப்பா.

“உங்களுக்கு நல்லாவே கேட்டுச்சு.”

எங்கள் வீட்டில் முயல்களுக்கு இரண்டு இடம். சமையலறைச் சுவரை ஒட்டி வெளியே மூன்று கூண்டு. அது வீட்டு முயல். புல்லும் காய்த் தோலும் தின்று, ஒல்லியாக, சோம்பேறியாகக் கிடக்கும். எங்கள் வயிற்றுக்கு அதுதான். பின்னால் தகரக் கொட்டகையில் இருப்பது விற்பனை முயல். குச்சித் தீவனம், குழாய்த் தண்ணீர், வரிசை வரிசையாகக் கம்பிக் கூண்டு. அதில் நாங்கள் கை வைக்கக் கூடாது. ‘விக்கிறதுல வாய் வச்சா கொட்டகை காலியாயிடும்’ என்பார் அப்பா. சின்ன வயதில் ஒரு தடவை கேட்டதற்கு முதுகில் ஒன்று வாங்கியிருக்கிறேன்.

அப்போது அது கஞ்சனின் சட்டம். அதில் விஷம் இல்லை.

போன வாரம், கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டுப் பெட்டியோடு வந்து இறங்கிய அன்றே, பின் கொட்டகைக் கதவைத் திறந்து ஒரு சத்தத்தைக் கேட்டேன். பக்கத்து வீட்டில் தையல் மெஷின் ஓடுகிற மாதிரி, நிற்காத ஒரு ரீங்காரம். அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

முயலுக்குக் குரல் கிடையாது. பயந்தால் பின்னங்காலால் தரையைத் தட்டும். ஒன்று தட்டினால் கொட்டகையே தட்டும். அந்தத் தட்டுச் சத்தத்தில்தான் நான் வளர்ந்தேன். இப்போது ஒன்றும் தட்டுவதில்லை. எல்லாம் நடுங்குகின்றன. உற்றுப் பார்த்தால்தான் தெரியும் அளவுக்கு, மெல்லிய நடுக்கம். அது காலில் இறங்கி, அடிக் கம்பியில் ஏறி, கூண்டு கூண்டாகத் தாவி, தகரம் வரைக்கும் போகிறது. தூணில் கை வைத்தால் நம் பல்லில் வந்து நிற்கிறது.

முயல்கள் பாடவில்லை. கம்பி பாடுகிறது.

“டிகிரி பேசுது, எல்லாரும் கேட்டுக்கோங்க” என்றான் அண்ணன். என்னை அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது. “காலேஜ் முடிச்சு வந்ததும் வாய்க்கு ருசி கேக்குதோ?”

“ஆமா, கேக்குது. உனக்கு என்ன நோவுது?”

“இன்னைக்கு வேன் வர்ற நாளு. ஒண்ணு குறைஞ்சாலும் கணக்கு உதைக்கும்.”

“ஒரு முயலுக்கா உன் கணக்கு உதைக்குது?”

“ரெண்டு பேரும் நிறுத்துங்க” என்றார் அப்பா. “ஏ பொண்ணு, கொட்டகை முயலைத் தொடக் கூடாதுன்னா தொடக் கூடாது. இதுல என்ன புது வழக்கு?”

அப்போதுதான் அம்மா அடுப்பை அணைத்தாள். மேல் தட்டிலிருந்து கத்தியை எடுத்தாள். முகத்தில் ஒரு வெட்கம் கலந்த சிரிப்பு.

“உங்க யாருக்கும் புரியல. அவ பொடியைத் தின்னு வளந்த முயலு. அது எப்படி இருக்குன்னு அவளே தின்னு பாக்க ஆசைப்படுறா. அதுக்குக்கூடவா தடை? நான் அறுக்கறேன்.”

அப்பாவின் முகம் இளகியது.

‘அவ பொடி.’ அதைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

காலேஜில் கால்நடைத் தீவனம் பற்றி மூன்றாம் வருஷம் படிக்கும்போது ஒரு பை கொண்டு வந்து கொடுத்தேன். நல்ல நுண்ணுயிர்த் தூள். பால் மறந்த குட்டிகள் பேதியாகிக் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த சமயம். தீவனத்தில் ஒரு கைப்பிடி கலந்தால் குடல் தேறும். தேறியது. குட்டிகள் பிழைத்தன. அப்பா அதை ஒரு நீல டிரம்மில் கொட்டி மூடி, வருகிறவன் போகிறவனிடமெல்லாம் தட்டித் தட்டிக் காட்டினார். “என் மக படிப்பு இதுக்குள்ள இருக்கு.” ஊரே அதற்குப் பெயர் வைத்தது, படிச்சவ பொடி. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிக் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான். ஒரு டிரம் என் பெயரில் இருந்ததில் எனக்கும் பெருமைதான்.

போன வாரம் அந்த டிரம்மைத் திறந்தேன். என் தூள் பழுப்பாக இருக்கும், புளித்த மாவு வாசம் அடிக்கும். உள்ளே இருந்தது வெள்ளை. வாசமே இல்லை.

“கம்பெனி மாத்திட்டாங்க” என்றான் அண்ணன், என் கண்ணைப் பார்க்காமல்.

கம்பெனி மாற்றினால் முயலின் தோள் கல்லாகுமா? மூன்று மாதம் வளர வேண்டியது இரண்டில் எடைக்கு வந்து நிற்குமா?

---

முயலைப் பிடிக்க நான்தான் போனேன். கொட்டகைக்குள் அண்ணி தீவனம் கலந்துகொண்டிருந்தார். மாசமான வயிறு முன்னால் தள்ளியிருந்தது. முழங்கை வரை வெள்ளைத் தூள் அப்பியிருந்தது.

“அண்ணி, கையுறை போடச் சொன்னேன்ல?”

“அதைப் போட்டா கை வேர்க்குது. நீ கொண்டு வந்ததுதானே, என்ன செஞ்சிடும்?”

அண்ணி கிண்ணத்தை எடுத்தார். கிண்ணத்தின் விளிம்பு டிரம்மில் பட்டு டக டக டகவென்று தட்டியது. அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

“எத்தனை நாளா இப்படி?”

“எது?”

“கை.”

அண்ணி கையைப் பார்த்தார், யாரோ வேறு ஒருவருடையதைப் பார்க்கிற மாதிரி. “ஓ, இதுவா. மசக்கைன்னாங்க உங்கம்மா. தூக்கம் வரமாட்டேங்குது. படுத்தா நெஞ்சு ரயில் மாதிரி ஓடுது. உங்கண்ணன் கிட்ட சொன்னா, நீயும் முயல் மாதிரி முழிச்சுக்கிட்டே தூங்கப் பழகிக்கோங்கறாரு.” சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

“டாக்டர்கிட்ட போனீங்களா?”

“வேன் போகட்டும், போகலாம்னாரு.” குரலைத் தாழ்த்தினார். “உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். நீ படிச்சவ. குழந்தை உதைக்கும்பாங்கள்ல?”

“ஆமா.”

“இது உதைக்கல.”

என் கையை இழுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தார். புடவைக்கு அடியில் சூடு. முதலில் ஒன்றுமில்லை. பிறகு மெல்ல, உள்ளங்கைக்கு அடியில், இடைவிடாத ஓர் அதிர்வு. அது அவருடைய கையிலிருந்து என் கைக்கு வருகிறதா, உள்ளேயிருந்து வருகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. சுற்றிலும் கம்பிகள் பாடிக்கொண்டிருந்தன. எல்லா முயல்களும் எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தன, ஒன்றுகூட இமைக்காமல்.

“இது சாதாரணம்தானே?” என்றார் அண்ணி.

நான் கையை எடுத்துக்கொண்டேன். கூண்டுப் பக்கம் திரும்பினேன். படித்தவள்.

ஒரு கூண்டைத் திறந்து கைக்கு வந்ததைத் தூக்கினேன். சாதாரண முயல் என்றால் உதறும், பிறாண்டும், பின்னங்காலால் வயிற்றில் ஒன்று விடும். இது எதுவும் செய்யவில்லை. செங்கல் மாதிரி கனத்தது. தோளும் தொடையும் விறைத்துப் புடைத்திருந்தன. என் மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தேன். அது நடுங்கியது. கதவைத் தாண்டுவதற்குள் என் தாடையும் நடுங்கியது.

---

அம்மா சுத்தமாக அறுப்பாள். ஒரே இழுப்பு. தோலைச் சட்டை கழற்றுவது போல உரிப்பாள்.

உரித்துத் தட்டில் வைத்த பிறகும் தொடைச் சதை அசைந்துகொண்டிருந்தது. துடிப்பு இல்லை. அதே மெல்லிய நடுக்கம். சற்று நேரம் கழித்துத்தான் நின்றது.

“புதுக் கறி, அப்படித்தான் இருக்கும்” என்றாள் அம்மா, நான் கேட்காமலே.

வயிற்றைக் கீறினாள். முயலின் சிறுநீரகம் கொழுப்புப் போர்வைக்குள் தூங்கும். இதில் போர்வையே இல்லை. இரண்டும் அம்மணமாக, சிவப்பாகப் பளபளத்தன. உடம்பு முழுக்கச் சதை. பொட்டுக் கொழுப்பில்லை.

எனக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. மூச்சிரைப்புக்காரர்களின் நெஞ்சைத் திறக்கக் கொடுக்கிற மருந்து வகையில் ஒன்று இருக்கிறது. தீவனத்தில் அளவு மீறிக் கலந்தால் கொழுப்பைக் கரைத்துச் சதையை ஏற்றும். கறிக்கு வளர்க்கிற பிராணிக்குக் கொடுக்கவே கூடாது என்று எங்களுக்குப் பாடம். ஏனென்றால் அது ஈரலில் தங்கும். தின்றவனின் கையை நடுக்கும், நெஞ்சை ஓடவிடும். முயலுக்கு இன்னொரு கூத்தும் உண்டு. அது தன் மென்புழுக்கையைத் தானே திரும்பத் தின்னும். தீவனத்தில் ஒரு தடவை போட்டது இரண்டு தடவை உள்ளே போகும்.

“அம்மா, ஈரலைச் சட்டியில போடாதே. எனக்கு வேணும்.”

“பச்சையாவா திங்கப் போறே?”

“பரீட்சை பண்ணப் போறேன்.”

“இன்னுமாடி உனக்குப் பரீட்சை முடியல?” என்று சிரித்தபடியே ஈரலைக் கவரில் போட்டு முடிச்சுப் போட்டாள். முடிச்சு விழவில்லை. விரல் தடுமாறியது. இரண்டாவது தடவையும் விழவில்லை. மூன்றாவதில் விழுந்தது.

அம்மா கொட்டகைப் பக்கம் போய் நான் பார்த்ததே இல்லை. டிரம்மைத் தொட்டு ஒரு நாளும் தீவனம் கலந்து பார்த்ததில்லை.

அப்போது எனக்கு அது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

---

வேன்காரர் மதியத்துக்கு முன்பே வந்துவிட்டார். வேன் கதவை உதைத்துத் திறந்துவிட்டு வாசலில் குந்தினார்.

“முயல்காரரே, உங்க கொட்டகையில ஜிம்மு கிம்மு வச்சிருக்கீங்களா? போன தடவை ஏத்தினதைத் தூக்கி எனக்கு இடுப்பு போச்சு!”

அப்பா பெருமையாகச் சிரித்தார். “எல்லாம் பொண்ணு படிப்பு.”

“எங்கே போகுது இந்த லோடு?” என்று கேட்டேன்.

“உங்க காலேஜு விடுதிக்குத்தாம்மா. சமையல்காரர் இனிமே உங்க முயலுதான் வேணும்னுட்டாரு. எலும்பு கம்மி, கறி ஜாஸ்தி.”

நான் நான்கு வருஷம் தட்டைப் பிடித்து நின்ற வரிசை அது. அதே வகை மருந்து அடைத்த ஆஸ்துமா பம்பை இடுப்பில் சொருகிக்கொண்டே திரியும் என் அறைத் தோழி இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

“சாப்பிட்டுட்டு ஏத்திடறேன், உக்காருங்க” என்றான் அண்ணன்.

உள்ளே வட்டமாக உட்கார்ந்தோம். சட்டி நடுவில். ஆவி பறந்தது. வாசம் நன்றாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை. மின்விசிறி கரகரவென்று சுற்றியது. ஃபிரிட்ஜ் உறுமியது. அம்மா எல்லோர் தட்டிலும் சோறு வைத்தாள். கரண்டி தட்டில் பட்டுக் கிணுகிணுத்தது.

யாரும் சட்டியைத் தொடவில்லை. அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அண்ணி அண்ணனைப் பார்த்தார். நான் எல்லோரையும் பார்த்தேன்.

“ஏன்டா, கேட்டவளும் எடுக்கல, நீயும் எடுக்கல?” என்றார் அப்பா. “நான் எடுக்கறேன். என் சட்டத்தை நானே உடைக்கறேன், போதுமா?”

பெரிய துண்டாகப் பார்த்து எடுத்தார். வாய்க்குக் கொண்டு போனார்.

அண்ணன் அவர் கையைத் தட்டிவிட்டான்.

துண்டு சுவரில் அடித்துத் தரையில் விழுந்தது. எங்கள் வீட்டில் அப்பாவின் மேல் கை பட்டது அதுதான் முதல் தடவை.

“வேணாம்ப்பா! உங்க நெஞ்சுக்கு ஆகாது!”

சொன்ன பிறகுதான் அவனுக்குத் தான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. வாயை மூடினான். வாய் மூடிய சத்தம்கூடக் கேட்டது.

“என்னடா ஆகாது?” என்றார் அப்பா மெதுவாக.

“நான் சொல்லட்டுமா, நீ சொல்றியா?” என்றேன்.

அண்ணன் தட்டைப் பார்த்துப் பேசினான். “தீவன ஏஜென்ட் குடுத்தான். எல்லாப் பண்ணையிலயும் போடறாங்கன்னான். இவ பொடி தீர்ந்துபோச்சு. டிரம்மு காலியா இருந்தா நீங்க கேப்பீங்க. அதுல கொட்டினேன். எடை ஏறுச்சு. நீங்க சந்தோஷமா இருந்தீங்க.”

“என் பேர்ல கொட்டினே” என்றேன்.

“உன் பேர்ல எல்லாரும் வாங்கறாங்கல்ல, டிகிரி!”

“பொண்டாட்டியை வெறுங்கையால கலக்க விட்டே.”

அவன் சோற்றை உருட்டினான். அண்ணி இரண்டு கைகளையும் மடியில் போட்டு ஒன்றை ஒன்றால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“ஆனா நம்ம வீட்டுக்கு ஒரு துளி கிடையாதுப்பா” என்றான் அவசரமாக. “வீட்டுக் கூண்டு பக்கம் நான் கொண்டே போகல. நாம திங்கறது சுத்தம். சத்தியமா சுத்தம். அதனாலதான் அதைத் தொடாதீங்கன்னேன்.”

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று.

மின்விசிறி தளர்ந்து, தளர்ந்து, நின்றது. ஃபிரிட்ஜ் ஒரு குலுக்கல் குலுக்கி அடங்கியது. வீட்டில் எந்தச் சத்தமும் இருந்திருக்கக் கூடாது.

ஆனால் இருந்தது. அந்த உறுமல் அப்படியே இருந்தது. ஒரு வாரமாக ஃபிரிட்ஜ் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது, அடுப்புக்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

எல்லோரும் சமையலறைச் சுவரைப் பார்த்தோம். அந்தப் பக்கம் இருப்பது மூன்று கூண்டு.

“அம்மா” என்றேன்.

அம்மா எங்கள் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “டிரம்முலேருந்து அள்ளிட்டு வந்து ஒரு கைதான் போடுவேன், காலையில நீங்கள்லாம் எந்திரிக்கறதுக்கு முன்னாடி. கொட்டகை முயலெல்லாம் கொழுகொழுன்னு இருக்கு, இதுங்க மட்டும் எலும்பா கிடந்துச்சு. எம் பொண்ணு கொண்டு வந்த பொடி ஊருக்கெல்லாம் போகுது, எம் பிள்ளைங்களுக்கு மட்டும் இல்லையான்னு...” நிறுத்தினாள். “நல்லதுதானேன்னு போட்டேன். உன் பொடிதானேடி?”

எத்தனை நாளாக என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொரு கறிச்சோறும் கண்முன் வந்தது. மாசமாக இருப்பவள் சத்தாகச் சாப்பிடட்டும் என்று அம்மா அண்ணியின் தட்டில் தேடித் தேடி வைத்த ஈரல். அப்பாவின் நெஞ்சு மாத்திரையை டாக்டர் கூட்டிக்கொண்டே போனதும், வயசாகிவிட்டது என்று அவர் சலித்துக்கொண்டதும்.

அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். இப்போது அழுவான், கும்பிடுவான் என்று நினைத்தேன். அவன் தலையைத் தூக்கியபோது முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அதைப் பார்த்துத்தான் நான் உண்மையில் பயந்தேன்.

“அப்ப நாமளும் தின்னிருக்கோம்” என்றான். “இத்தனை நாளா தின்னிருக்கோம். யாருக்கு என்ன ஆச்சு? நல்லாத்தானே இருக்கோம்?”

அப்பா அம்மாவைப் பார்த்தார்.

“நல்லாத்தானேப்பா இருக்கோம்? அப்ப லோடு போகட்டும். இது ஒண்ணு போகட்டும். அடுத்ததுலேருந்து நிறுத்திடறேன்.”

அப்பா தண்ணீர் டம்ளரை எடுத்தார். டம்ளர் தட்டின் விளிம்பில் பட்டுக் கிடுகிடுவென்று அடித்தது. இரண்டு கைகளாலும் பிடித்தார். அப்படியும் அடித்தது. குடிக்காமலே கீழே வைத்தார்.

“போகட்டும்” என்றார்.

“அப்பா!”

“வேனை வரவச்சுட்டு இன்னைக்குத் திருப்பினா எவன் வருவான் நாளைக்கு? நாமதான் தின்னுட்டோமே. நம்மளை விடவா அந்தப் பசங்க ஒசத்தி?”

நான் எழுந்தேன். உண்மையில் அவர் டம்ளரைக் கீழே வைத்தபோதே எழுந்துவிட்டேன், மனதுக்குள். ஃபிரிட்ஜிலிருந்து கவரை எடுத்தேன். ஈரல் இன்னும் சில்லென்றிருந்தது. டிரம்மிலிருந்து காலையிலேயே டப்பாவில் அள்ளி வைத்திருந்த வெள்ளைத் தூளையும் எடுத்துப் பையில் போட்டேன்.

“எங்கே?” என்றார் அப்பா.

“கால்நடை ஆஸ்பத்திரி ஆய்வகம். அப்புறம் விடுதி.”

“போய் என்னன்னு சொல்லுவே? ஊருக்கே அது படிச்சவ பொடி. இவன் பேரா வரும்? என் பேரா வரும்? உன்னைத்தான் கூப்பிட்டுக் கேப்பாங்க. இன்னும் கையில பட்டம்கூட வரல. எவன் வேலை குடுப்பான் உனக்கு?”

அதைத்தான் நானும் ராவும் பகலும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரமாக வாயை மூடி இருந்ததற்கு அதுதான் காரணம். இவ்வளவு நேரம் அந்தப் பயம் என்னை உட்கார வைத்திருந்தது. இப்போது அதே பேச்சு அப்பா வாயிலிருந்து வந்தபோது அது ஏதோ அடுத்த வீட்டு விஷயம் மாதிரி கேட்டது.

“என்னைத்தான் கேக்கணும்” என்றேன். “என் பேரு போட்ட டிரம்முதானே? நானே போய்ச் சொல்றேன், அதுல என்ன இருக்குன்னு.”

“கூடப் பிறந்தவனை மாட்டி விடுவியாடி?” என்று அண்ணன் கத்தினான்.

“உன் குழந்தைக்குக் கூடப் பிறக்க ஒண்ணு வரணும்ல? முதல்ல இது பிழைக்கட்டும்.”

அம்மா வாசற்படி வரை வந்தாள். தடுக்கவில்லை. என் பையின் வாயை இழுத்து மூடிவிட்டாள், அவ்வளவுதான். அவள் விரல் என் மணிக்கட்டில் பட்டபோது ஒரு ஈ சிக்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

சமையலறைச் சுவரோரம் நடந்தேன். மூன்று கூண்டுகளிலும் வீட்டு முயல்கள் எழுந்து நின்றன. சோம்பேறிகள், நாள் முழுக்கப் படுத்தே கிடந்தவை. இப்போது காதுகள் விறைக்க, தோள்கள் புடைக்க, நான் போகிற திசையிலேயே தலையைத் திருப்பின. கம்பி பாடியது.

வேன்காரர் பீடியை அணைத்தார். “என்னம்மா, ஏத்தலாமா?”

“ஏத்துறதா இருந்தா ஏத்துங்கண்ணே. ஆனா உங்க வேன் விடுதிக்கு வர்றதுக்கு முன்னாடி நான் அந்த வாசல்ல நிப்பேன்.”

அவர் என்னையும் வீட்டையும் பார்த்தார். சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கேட்டைத் திறந்தேன். தெருவில் வெயில் கொட்டியது. பின்னால் அப்பா என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார், அண்ணன் என்னவோ கத்திக்கொண்டிருந்தான். அதற்கு நடுவே இன்னொரு சத்தம். தரையில் இழுத்து இழுத்து வருகிற ஒரு ஜோடிச் செருப்பு. வயிற்றைத் தாங்கிக்கொண்டு வருகிற கனத்த, மெதுவான நடை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தச் செருப்பு எட்டிப் பிடிக்கட்டும் என்று நடையை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.